புரிதலின் நெடும்பாதை: ஹிப்போ ஆயர் அகுஸ்தீனாரின் வாழ்வும் தொடக்ககாலத் திருச்சபையும்

ஆய்வுச் சுருக்கம்

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராகப் பணியாற்றிய அகுஸ்தீனாரின் (354–430) வாழ்வை, சமய நம்பிக்கை குறித்த புரிதல் வளர்ந்த வரலாறாக இக்கட்டுரை அணுகுகிறது. அவரைப் பற்றிய வழக்கமான வரலாறுகள் 386ஆம் ஆண்டு மனமாற்றத்தையே உச்சமாகக் கொள்கின்றன. அம்மாற்றத்துக்குப் பின்னர் அவர் வாழ்ந்த 44 ஆண்டுகளே புரிதலின் காலம் என்பதும், கேள்வி கேட்ட எளியோர், முன்னோரின் நூல்கள், எதிர்த்தரப்பினர், மறைநூலின் பாடவேறுபாடுகள் ஆகிய நான்கும் அப்புரிதலை வளர்த்தன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. அவர் வளர்ச்சி என்று கருதிய மாற்றங்கள் அனைத்தும் வளர்ச்சியே ஆகுமா என்னும் வினாவும் எழுப்பப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அகுஸ்தீனார், தொடக்ககாலத் திருச்சபை, மறைக்கல்வி, தொனாத்தியர், பாடவேறுபாடு, மறுநோக்கு

முன்னுரை

கிறித்தவத்தின் முதல் ஐந்து நூற்றாண்டுகள் மறைநூல் தொகுப்பும் நம்பிக்கை அறிக்கைகளும் பொதுச்சங்கங்களும் உருப்பெற்ற காலம். 325இல் நீசேயாவிலும் 381இல் கான்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய சங்கங்கள் அக்காலத்தின் எல்லைக்கற்கள். இவ்வரலாற்றைச் சங்கங்களின் தீர்மானங்கள் வழியாகக் காண்பது ஒரு முறை. நம்பிக்கையை ஏற்ற ஒரு மனிதர் அதன் பொருளை வாழ்நாள் முழுவதும் எவ்வாறு தேடினார் எனக் காண்பது மற்றொரு முறை. இரண்டாம் முறைக்கு அகுஸ்தீனாரின் வாழ்வு பெரிதும் இடந்தருகிறது. தம் இளமையைத் தாமே எழுதியவர் அவர். முதுமையில் தம் நூல்களைத் தாமே திருத்தி மதிப்பிட்டவரும் அவர். அவ்வகையில் மதிப்பிடப்பட்ட 93 நூல்களும் 386ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் எழுதப்பட்டவை. எனவே, மிலான் தோட்டத்தில் நிகழ்ந்த மனமாற்றத்தோடு அவர் வரலாற்றை முடிப்பது, ஒரு நூலின் பாயிரத்தைப் படித்துவிட்டு நூலை மூடுவதற்கு ஒப்பாகும்.

1. தகாஸ்தேயும் கார்த்தேஜும்

அகுஸ்தீனார் 354 நவம்பர் 13 அன்று, உரோமைப் பேரரசின் நுமீதியாப் பகுதியில் உள்ள தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என வழங்குகிறது. தந்தை பத்ரீசியுஸ் சிறு நிலவுடைமையாளர், நகர்மன்ற உறுப்பினர், வாழ்வின் இறுதியிலேயே கிறித்தவரானவர். தாய் மோனிக்கா இளமை முதலே கிறித்தவர். குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, நாவில் உப்பிட்டு, திருமுழுக்குக்குக் காத்திருப்போர் வரிசையில் தாய் அவரைச் சேர்த்தார். சிறுவனாக இருந்தபோது கடும் நோயுற்றுத் திருமுழுக்குக் கேட்டார். ஆனால், நோய் நீங்கியதும் சடங்கு ஒத்திவைக்கப்பட்டது. திருமுழுக்குக்குப் பின் செய்யும் பாவம் பெருங்குற்றமாகும் என்னும் அச்சத்தால் அதனைத் தள்ளிப்போடுவது அக்கால வழக்கம். இவ்வாறு, பிறப்பிலேயே திருச்சபையின் வாயிலில் நிறுத்தப்பட்டவர், உள்ளே நுழைய 32 ஆண்டுகள் ஆயின.

தொடக்கக் கல்வியில் இலத்தீன் அவருக்கு இனித்தது, கிரேக்கம் கசந்தது. மதௌரா நகரில் இலக்கியம் பயின்றார். பணமின்மையால் பதினாறாம் வயதில் ஓராண்டு வீட்டில் இருக்க நேர்ந்தது. பின்னர் ரொமானியானுஸ் என்னும் செல்வரின் உதவியால் கார்த்தேஜ் சென்று சொற்கலை கற்றார். அங்கே ஒரு பெண்ணுடன் இல்வாழ்வைத் தொடங்கினார்; அதியோதாத்துஸ் என்னும் மகன் பிறந்தான். ஏறத்தாழ 15 ஆண்டுகள் உடன் வாழ்ந்த அப்பெண்ணின் பெயரை அவர் எங்கும் பதிவு செய்யவில்லை.

பத்தொன்பதாம் வயதில் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகச் சிசரோவின் ‘ஹோர்த்தென்சியுஸ்’ என்னும் நூலைப் படித்தார். மெய்யறிவைத் தேடத் தூண்டும் அந்நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. மொழியழகுக்காகப் படிக்கத் தொடங்கியவரை அதன் பொருள் ஆட்கொண்டது. அத்தூண்டுதலோடு விவிலியத்தை எடுத்தார்; ஏமாற்றமே எஞ்சியது. அன்றைய பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பின் கரடுமுரடான நடை, சிசரோவின் நடையில் தோய்ந்த இளைஞருக்குத் தாழ்ந்ததாகப் பட்டது. எளிய வாயிலைக் குனிந்து நுழைய மறுத்த தம் செருக்கே அதற்குக் காரணம் எனப் பிற்காலத்தில் அவர் கண்டார். ஆயினும் அந்த ஏமாற்றத்தில் ஓர் உண்மையும் உண்டு. நூலை உரையின்றித் தனியே படித்தவருக்கு அது திறக்கவில்லை.

2. மானி சமயத்தில் ஒன்பது ஆண்டுகள்

விவிலியத்தை மூடியவர் மானி சமயத்தாரிடம் சென்றார். மூன்றாம் நூற்றாண்டில் மெசப்பொத்தாமியாவில் வாழ்ந்த மானி, ஒளி, இருள் என்னும் இரு மூலங்களின் போராட்டமாக உலகைக் கண்டவர். தீமை எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு அச்சமயம் நேரான விடை தந்தது. அதனினும் முதன்மையாக, நம்பச் சொல்லாமல் அறிவால் மெய்ப்பிப்போம் என அது உறுதியளித்தது. அகுஸ்தீனார் ஒன்பது ஆண்டுகள் அதன் கேட்போர் குழுவில் இருந்தார்.

ஐயங்கள் பெருகியபோது, ஃபௌஸ்துஸ் என்னும் பேரறிஞர் வந்து தீர்ப்பார் என்றனர் உடனிருந்தோர். 383 அளவில் கார்த்தேஜுக்கு வந்த ஃபௌஸ்துஸ் இனிமையாகப் பேசினார். ஆனால், வானியல் கணக்குகளுக்கும் மானியின் நூல்களுக்கும் உள்ள முரண்பாட்டைக் கேட்டபோது, தமக்கு அது தெரியாது என ஒப்புக்கொண்டார். அந்நேர்மையை அகுஸ்தீனார் பாராட்டினார். சமயத்தின் மீதிருந்த நம்பிக்கையை இழந்தார். அறிவை மட்டுமே தருவதாகச் சொன்ன இடத்திலும், காணாததை நம்பும்படியே தாம் கேட்கப்பட்டதை உணர்ந்தார். நம்பிக்கையே இல்லாத அறிவுத்தேடல் எங்கும் இல்லை என்னும் அவரது பிற்காலக் கருத்தின் வித்து இங்கே விழுந்தது.

3. மிலான்: கேட்டலும் நம்புதலும்

383இல் உரோமைக்குச் சென்றார். அங்கு மாணவர்கள் கட்டணம் செலுத்தும் நேரத்தில் ஆசிரியரை மாற்றிக்கொண்டனர். மறு ஆண்டே நகர ஆளுநர் சிம்மாக்குஸின் தேர்வால், பேரரசரின் அவை அமைந்திருந்த மிலானில் சொற்கலைப் பேராசிரியரானார். அந்நகரின் ஆயர் அம்புரோஸ், அரச அலுவலராக இருந்து 374இல் ஆயரானவர், கிரேக்கம் நன்கறிந்தவர். அவரது பேச்சுத்திறனை எடைபோடவே அகுஸ்தீனார் ஆலயம் சென்றார். சொற்களுக்காகச் சென்றவரின் உள்ளத்தில், விலக்கிவைத்த பொருளும் சொற்களோடு சேர்ந்து நுழைந்தது.

பழைய ஏற்பாட்டின் கடினமான பகுதிகளை அம்புரோஸ் எழுத்துப்பொருளில் நிறுத்தாமல் உட்பொருள் கண்டு விளக்கினார். மானி சமயத்தார் எள்ளிய பகுதிகள் உரையின் துணையால் பொருள் பெற்றன. கடவுளை உடலுடைய ஒன்றாகவே எண்ணிவந்த அகுஸ்தீனாருக்கு, இலத்தீனில் பெயர்க்கப்பட்ட புதுப்பிளேட்டோவிய நூல்கள் பருப்பொருளற்ற மெய்ம்மையை எண்ணக் கற்றுத்தந்தன. தீமை தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே எனக் கண்டார். அறிவுத்தடைகள் அகன்றன, வாழ்வின் தடைகள் நின்றன.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றை மறைத்துச் செல்ல இயலாது. செல்வக் குடும்பத்தில் முறையான திருமணம் ஏற்பாடானதால், மகனின் தாய் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். வேறு ஆடவரை அறியேன் எனச் சூளுரைத்து, மகனை விட்டுச் சென்றார் அவர். அகுஸ்தீனாரோ திருமண நாள்வரை காத்திராமல் இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். இருவரில் யார் உறுதியுடையவர் என்பதை அவரே தம் நூலில் புலப்படுத்துகிறார்.

386ஆம் ஆண்டு கோடையில், எகிப்தியத் துறவி அந்தோனியாரின் வாழ்வைக் கேட்டுக் கலங்கியிருந்தபோது, வீட்டுத் தோட்டத்தில் ஒரு குழந்தைக் குரல் எடுத்துப் படிக்குமாறு பாடுவதுபோல் செவியில் விழுந்தது. பவுலின் திருமுகத் தொகுப்பைத் திறந்து, உரோமையர் திருமுகத்தின் ஒரு பகுதியைப் படித்தார், தயக்கம் நீங்கியது. பேராசிரியர் பணியைத் துறந்தார். 387 உயிர்ப்புப் பெருவிழா இரவில், மகன் அதியோதாத்துஸோடும் நண்பர் அலிப்பியுஸோடும் அம்புரோஸிடம் திருமுழுக்குப் பெற்றார். அவ்வாண்டே, தாயகம் திரும்பும் வழியில், ஓஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கா மறைந்தார். ஊர் திரும்பிய சில ஆண்டுகளுக்குள் மகனும் இறந்தான். தந்தையும் மகனும் சொல், பொருள், கற்றல் குறித்து உரையாடுவதாக அமைந்த ‘ஆசிரியர்’ என்னும் நூலில் அவ்விளைஞனின் கூர்மை எஞ்சி நிற்கிறது.

4. ஹிப்போ: அறியாமை உணர்ந்த குரு

388இல் தகாஸ்தேக்குத் திரும்பிய அகுஸ்தீனார் நண்பர்களோடு துறவு வாழ்வில் அமைதி காண விரும்பினார். 391இல் ஹிப்போவுக்குச் சென்றபோது, ஆலயத்தில் கூடியிருந்த மக்கள் அவரைப் பிடித்து நிறுத்திக் குருவாக்குமாறு முழங்கினர். அவர் கண்ணீர் விட்டார். ஆயர் பதவி கிடைக்காத வருத்தம் எனச் சிலர் எண்ணி ஆறுதல் கூறினர். அவர் அஞ்சியது பொறுப்பை.

குருவானதும் அவர் செய்த முதல் செயல் கருதத்தக்கது. மறைநூலைக் கற்கக் காலம் வேண்டும் என ஆயர் வலேரியுஸுக்கு மடல் எழுதினார். தம் மீட்புக்குப் போதுமான அளவு அறிந்திருந்தாலும், அதனைப் பிறர்க்கு எவ்வாறு வழங்குவது எனத் தாம் அறியவில்லை என்பது அம்மடலின் சாரம். தத்துவ உரையாடல்கள் பல எழுதிய பேராசிரியர், துறைமுக நகரின் மீனவர்க்கும் வணிகர்க்கும் உழவர்க்கும் முன் தம்மைக் கல்லாதவராக உணர்ந்தார். தனக்காக அறிதலும் பிறர்க்காக அறிதலும் வேறு என்னும் இவ்வுணர்வே அவரது புரிதலின் இரண்டாம் தொடக்கம்.

வலேரியுஸ் கிரேக்க மொழியினர். இலத்தீனில் உரையாற்றுவது அவருக்கு எளிதன்று. ஆகவே, ஆயர் மட்டுமே மறையுரை ஆற்றும் ஆப்பிரிக்க வழக்கத்தை மீறி, குருவாகிய அகுஸ்தீனாருக்கு அப்பணியைத் தந்தார். 393இல் ஹிப்போவில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் நம்பிக்கை அறிக்கையை விளக்கி உரையாற்றியவரும் இக்குருவே. சில ஆண்டுகளில் துணையாயராகி, வலேரியுஸின் மறைவுக்குப் பின் ஆயரானார். இறுதிவரை ஹிப்போவிலேயே இருந்தார்.

5. மறைக்கல்வி: கேட்போர் கற்பித்தவை

கி.பி. 400ஐ ஒட்டிய காலத்தில், கார்த்தேஜின் திருத்தொண்டர் தேயோகிராத்தியாஸ் அகுஸ்தீனாருக்கு ஒரு குறையை எழுதினார். கிறித்தவராக விரும்பி வருவோர்க்கு முதற்பாடம் சொல்லும்போது தம் பேச்சு தமக்கே சலிப்பூட்டுகிறது என்பதே அது. விடையாக எழுந்தது ‘புதியோர்க்கு மறைக்கல்வி புகட்டுதல்’ என்னும் சிறுநூல்.

உலகப் படைப்பு முதல் தம் காலத் திருச்சபைவரை உள்ள வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஆனால், அனைத்தையும் சொல்லவேண்டியதில்லை. முதன்மையான நிகழ்வுகளில் நின்று, ஏனையவற்றை விரைந்து கடக்க வேண்டும். அன்பே எல்லாவற்றுக்கும் இலக்காக அமைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. வருவோர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். நூலறிவுடையோர் பலவற்றை முன்பே படித்திருப்பர். அவர்களுக்கு அறிந்தவற்றை மீண்டும் ஓதலாகாது. சொற்கலை கற்றோர்க்குப் பணிவைக் கற்பிக்க வேண்டும். பிழையாகப் பேசும் குருவை எள்ளாமல், சொல்லினும் உள்ளத்தை மதிக்க அவர்கள் பழக வேண்டும். இவ்வறிவுரை, விவிலிய நடையை ஒருகாலத்தில் இகழ்ந்த இளைஞருக்கு முதியவர் எழுதிய மடலாகவும் அமைகிறது.

நூலின் நுட்பம் சிறு செய்திகளில் விளங்குகிறது. ஆப்பிரிக்க ஆலயங்களில் மக்கள் நின்றுகொண்டே மறையுரை கேட்பது வழக்கம். கடல்கடந்த சில திருச்சபைகளில் மக்கள் அமர்ந்து கேட்பதைச் சுட்டி, நின்று களைத்தவருக்கு இருக்கை தருமாறு அகுஸ்தீனார் கூறுகிறார். கேட்பவர் கொட்டாவி விட்டால் பேச்சை மாற்ற வேண்டும். எதற்கும் அசையாதவராயின், அவரிடம் கடவுளைப் பற்றி மிகுதியாகப் பேசுவதினும், அவரைப் பற்றிக் கடவுளிடம் மிகுதியாகப் பேசுவதே தகும்.

சலிப்புக்கு அவர் தரும் மருந்து நூலின் மையம். பலமுறை கண்ட ஊரைப் புதிதாக வந்த நண்பருக்குக் காட்டும்போது, அவர் கண்வழியே நாமும் அதைப் புதிதாகக் காண்கிறோம். அதுபோல, அன்பால் கற்பவரோடு ஒன்றும் ஆசிரியருக்குப் பழைய பாடம் புதிதாகிறது. கேட்பவர் ஆசிரியரின் வழியாகப் பேச, ஆசிரியர் கேட்பவரில் இருந்து கற்கிறார். மறைக்கல்வி கற்பவரின் புரிதலை மட்டுமன்றிக் கற்பிப்பவரின் புரிதலையும் வளர்ப்பது என்னும் இக்கருத்து, அகுஸ்தீனாரின் எழுத்து வாழ்வு முழுமைக்கும் பொருந்தும். அவர் நூல்களில் கணிசமானவை எவரோ ஒருவர் கேட்ட வினாவுக்கு விடையாகப் பிறந்தவை.

6. முன்னோரும் எதிரணியினரும்

தொடக்கத்தில் அகுஸ்தீனார், கடவுளின் அழைப்புக்கு இசையும் நம்பிக்கை மனிதரின் சொந்த முயற்சி எனக் கருதினார். 394 அளவில் எழுதிய உரோமையர் திருமுக விளக்கக் குறிப்பில் இக்கருத்து உள்ளது. மிலானில் அவருக்கு வழிகாட்டிய முதியவர் சிம்பிளிசியான், யாக்கோபு, ஏசாவு குறித்த பவுலின் கூற்றுக்கு விளக்கம் கேட்டு எழுதியபோது, 396 அளவில் அகுஸ்தீனார் தம் கருத்தை மாற்ற நேர்ந்தது. மனிதரிடம் உள்ளவை யாவும் பெறப்பட்டவையே. நம்பிக்கையும் அவ்வாறே என்னும் முடிவுக்கு வந்தார். தன்விருப்பின் பக்கம் நின்று வாதிட்டதாகவும், கடவுளின் அருளே வென்றதாகவும் பின்னர் எழுதினார். இம்மாற்றத்துக்குக் கொரிந்தியர்க்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஓர் அடியும், அதனைச் சிப்பிரியான் எடுத்தாண்ட முறையும் காரணம் என முதுமையில் நினைவுகூர்ந்தார். 258இல் உயிர்நீத்த கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான், ஆப்பிரிக்கத் திருச்சபையின் பெருமதிப்புக்குரிய முன்னோர்.

அதே சிப்பிரியானோடு அவர் முரண்படவும் வேண்டியிருந்தது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோக்கிளேசியான் பேரரசரின் துன்புறுத்தலின்போது மறைநூல்களை ஒப்படைத்த ஆயர்களின் சடங்குகள் செல்லுமா என்னும் வினாவால் ஆப்பிரிக்கத் திருச்சபை பிளந்தது. செல்லா என்றோர் ஆயர் தொனாத்துஸின் பெயரால் தொனாத்தியர் எனப்பட்டனர். பிரிந்தோர் தந்த திருமுழுக்கு செல்லாது என்பதற்குச் சிப்பிரியானை அவர்கள் சான்று காட்டினர். சிப்பிரியான் அக்கருத்தினர் என்பது உண்மையே. அகுஸ்தீனார் அதனை மறைக்கவில்லை. முன்னோர் தவறக்கூடும், மாகாணச் சங்கங்கள் பொதுச்சங்கங்களுக்கு இடந்தரும், பொதுச்சங்கங்களும் பின்வருவனவற்றால் திருத்தம் பெறும் எனத் ‘திருமுழுக்கு’ பற்றிய நூலில் வாதிட்டார். கருத்தில் தவறிய சிப்பிரியான் ஒற்றுமையைக் குலைக்கவில்லை. அதுவே அவரிடம் கற்கவேண்டியது என்றார். முன்னோரை மதித்தலும் திருத்துதலும் ஒருங்கே இயலும் என்பதற்கு இது தொடக்ககாலத் திருச்சபையின் தெளிவான சான்றாகும்.

எதிரணியில் இருந்தும் அவர் கற்றார். தொனாத்தியரான திக்கோனியுஸ் மறைநூல் விளக்கத்துக்கு ஏழு விதிகள் வகுத்தவர். அவ்விதிகளை அகுஸ்தீனார் தம் ‘கிறித்தவக் கல்வி’ என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் பெயர் சுட்டித் தொகுத்து, குறைகளைக் காட்டி, கற்கத்தக்கவை எனப் பரிந்துரைத்தார்.

7. மொழிபெயர்ப்பும் பாடவேறுபாடும்

பெத்லகேமில் இருந்த ஜெரோம் பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்தில் இருந்து இலத்தீனில் பெயர்த்தபோது அகுஸ்தீனார் கவலையுற்றார். கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பே திருச்சபை வழங்கியது. அதனைக் கைவிட்டால் இலத்தீன், கிரேக்கத் திருச்சபைகளிடையே பிளவு உண்டாகும் என எண்ணினார். 403இல் எழுதிய மடலில் ஓயா நகர நிகழ்வைக் குறிப்பிட்டார். இறைவாக்கினர் யோனாவுக்கு நிழல் தந்த செடி பழைய பெயர்ப்பில் சுரை. ஜெரோமின் பெயர்ப்பில் அது வேறொரு படர்கொடி. ஆயர் புதிய பெயர்ப்பைப் படித்ததும், தலைமுறைகளாகக் கேட்டுப் பழகிய சொல் மாறியதைப் பொறாத மக்கள் கொந்தளித்தனர். மக்களை இழக்க அஞ்சி, ஆயர் பழைய சொல்லுக்கே திரும்பினார்.

காலப்போக்கில் அகுஸ்தீனார் மாறினார். ‘கிறித்தவக் கல்வி’யின் நான்காம் பகுதியில் இறைவாக்கினர் ஆமோஸின் சொல்வன்மையை விளக்க, ஜெரோமின் பெயர்ப்பையே கையாண்டார். இந்நூலிலேயே பாடவேறுபாடு பற்றிய அவரது சிறந்த சிந்தனையும் உள்ளது. நம்பினால் அன்றிப் புரிந்துகொள்ள இயலாது என்னும் அவரது வாழ்நாள் கொள்கை, எசாயா நூலின் ஓர் அடியை அடிப்படையாகக் கொண்டது. அவ்வடி எழுபதின்மர் வழிப்பட்ட பாடத்திலேயே அப்பொருள் தருகிறது. எபிரேய வழிப்பட்ட பாடமோ, நம்பாவிடில் நிலைத்திருக்க இயலாது என்னும் பொருளைத் தருகிறது. தம் கொள்கையின் வேரே ஒரு பாடவேறுபாட்டில் நிற்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்தும் ஒன்றை நீக்கவில்லை. நிலைத்திருத்தல் நம்பிக்கையின் வழிப்பயணம். புரிதல் அப்பயணம் சேரும் காட்சி. இரு பாடமும் ஒன்றையொன்று விளக்கும் எனக் கண்டார். நூலாசிரியரின் மூலப்பாடம் எது என வினவும் இன்றைய பதிப்பியலுக்கு இது விடையாகாது. ஆயினும், வேறுபாட்டை அச்சமாகக் கருதாமல் சிந்தனைக்கு வாயிலாகக் கொண்ட உரையாசிரியரை இங்குக் காணலாம்.

8. வளர்ச்சியா, வழுவலா?

புரிதல் மாறுவதெல்லாம் வளர்வது ஆகாது. தொனாத்தியரை அரச அதிகாரத்தால் வற்புறுத்தலாகாது, சொல்லால் மட்டுமே வெல்ல வேண்டும் என்பது அகுஸ்தீனாரின் தொடக்க நிலை. அச்சத்தால் வருவோர் போலியாக வருவர் என அஞ்சினார். 405இல் பேரரசு ஒன்றிணைப்பு ஆணை பிறப்பித்த பின், அந்நிலை தளர்ந்தது. தொனாத்தியர் செல்வாக்கில் இருந்த தம் சொந்த ஊரே சட்ட அச்சத்தால் ஒன்றிணைந்ததை 408 அளவில் எழுதிய மடலில் சான்றாகக் காட்டினார். விருந்துக்கு மக்களைக் கட்டாயப்படுத்தி அழைத்துவரும் உவமையையும் துணைக்கழைத்தார். 411 ஜூன் மாதம் கார்த்தேஜில், அரச அலுவலர் மார்செல்லினுஸின் தலைமையில், இரு தரப்பிலுமாக 500க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடி வாதிட்டனர். தீர்ப்பு தொனாத்தியர்க்கு எதிராக அமைந்தது, தண்டங்கள் தொடர்ந்தன.

அகுஸ்தீனார் கொலைத்தண்டனையை ஏற்கவில்லை. தம் குருக்களில் ஒருவரைக் கொன்றோர்க்கும் உயிர்த்தண்டனை, உறுப்பறுத்தல் வேண்டா என மார்செல்லினுஸிடம் மன்றாடினார். இருப்பினும், அவர் தந்த இறையியல் ஏற்பு பிற்கால ஐரோப்பாவில் சமயத் துன்புறுத்தலுக்குச் சான்றாக எடுத்தாளப்பட்டது. முதுமையில் தம் பழைய நிலையை நினைவுகூர்ந்தபோது, கண்டிப்பின் பயனைத் தாம் அன்று அறிந்திருக்கவில்லை எனக் குறித்தார். அதாவது, இம்மாற்றத்தையும் புரிதலின் வளர்ச்சியாகவே எண்ணினார். இங்கு அவருடைய அளவுகோலாலேயே அவரை அளத்தல் வேண்டும். கேட்பவர் தயங்காமல் பேசும்படி அச்சத்தை அகற்ற வேண்டும் எனத் தேயோகிராத்தியாஸுக்கு எழுதியவர் அவர். சட்டத்துக்கு அஞ்சி ஆலயத்துள் நிற்பவர் வினா எழுப்பார். வினா இல்லாத இடத்தில் ஆசிரியரும் கற்பதில்லை.

இதனையொத்த இறுக்கம் பெலாகியுஸுடனான வாதத்திலும் புலப்படுகிறது. மனித இயல்பின் ஆற்றலை வலியுறுத்திய பெலாகியுஸின் கருத்துகளை 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. ஆதாமின் பாவத்தில் மாந்தர் அனைவரும் பங்குடையர் என நிறுவ, அகுஸ்தீனார் உரோமையர் திருமுகத்தின் ஓர் அடியை இலத்தீன் பெயர்ப்பின்படி கொண்டார். கிரேக்க மூலம் அப்பொருளை வேண்டி நிற்பதில்லை. கிரேக்கத் திருச்சபை இக்கோட்பாட்டை அவர் வகுத்த வடிவில் ஏற்காமைக்கு இதுவும் ஒரு காரணம். எசாயாவின் அடியில் இரு பாடத்துக்கும் இடந்தந்தவர் இங்கு ஒரு பொருளிலேயே நின்றார்.

9. மறுநோக்கு

தொடக்கநூலின் படைப்புப் பகுதிக்கு அகுஸ்தீனார் ஒருமுறை மட்டும் உரை எழுதவில்லை. மானி சமயத்தார்க்கு மறுப்பாக 388ஐ ஒட்டி ஒன்று. 393 அளவில் தொடங்கி முடிக்காமல் விட்ட ஒன்று. ‘ஒப்புதல்கள்’ நூலின் இறுதி மூன்று பகுதிகள். பல ஆண்டுகள் உழைத்த 12 பகுதி விரிவுரை. ‘கடவுளின் நகரம்’ நூலின் பதினொன்றாம் பகுதி என ஐந்து முறை முயன்றார். ‘மூவொரு கடவுள்’ என்னும் 15 பகுதி நூலை, முடியுமுன்னரே சிலர் படியெடுத்துப் பரப்பிவிட்டதால் மனம் நொந்து நிறுத்தி, பிறர் வேண்டியதால் மீண்டும் எழுதினார். 410இல் உரோமை சூறையாடப்பட்டபின் எழுந்த குற்றச்சாட்டுகளுக்கு விடையாக 413இல் தொடங்கிய ‘கடவுளின் நகரம்’ 22 பகுதிகளாக நிறைவுற ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆயின.

426இல் எராக்ளியுஸைத் தமக்குப் பின் ஆயராக அறிவித்துப் பணிச்சுமையைக் குறைத்துக்கொண்டார். பின்னர், தம் நூல்களைக் கால வரிசையில் எடுத்து, ஒவ்வொன்றும் எழுந்த சூழலையும் அதில் உள்ள பிழைகளையும் குறிக்கத் தொடங்கினார். ‘மறுநோக்கு’ எனத்தகும் அந்நூலில் 93 நூல்களின் 232 பகுதிகள் இடம்பெற்றன. மடல்களையும் மறையுரைகளையும் அவ்வாறே நோக்க எண்ணினார், காலம் இடந்தரவில்லை. தம் நூல்களை எழுதிய வரிசையில் படிப்போர், தாம் எழுதி எழுதி முன்னேறியதைக் காணலாம் என முன்னுரையில் குறிப்பிட்டார். பிழையே செய்யாதவர் என்னும் பெயரை அவர் நாடவில்லை. தம்மைப் பிழைகளிலும் பின்பற்றாமல் முன்னேற்றத்தில் பின்பற்ற வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

10. இறுதி நாட்கள்

430இல் வந்தலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டது. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அகுஸ்தீனார் காய்ச்சலுற்றார். தாவீதின் மனவருத்தத் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் தொங்கவிடச் செய்து, படுக்கையில் இருந்தபடியே படித்துக் கண்ணீர் விட்டார். மருத்துவரும் உணவு கொணர்வோரும் அன்றி எவரும் வரவேண்டா எனக் கேட்டுக்கொண்டார். ஏறத்தாழ பத்து நாட்களுக்குப் பின், 430 ஆகஸ்ட் 28 அன்று உயிர் நீத்தார். உடனிருந்த ஆயர் பொசிதியுஸ் அவர் வரலாற்றை எழுதினார். கடவுளின் ஏழையாகிய அவர் எழுதிவைக்க உடைமை இல்லாமையால் இறுதிமுறி எழுதவில்லை. ஆலய நூலகத்தையும் சுவடிகளையும் வருங்காலத்தினர்க்காகக் கவனமாகக் காக்க வேண்டும் என்பதே அவர் விட்டுச்சென்ற வேண்டுகோள்.

முடிவுரை

அகுஸ்தீனாரின் வாழ்வில் நம்பிக்கை, தேடலின் முடிவாக அன்றித் தேடலின் தொடக்கமாக அமைந்தது. தனியே படித்தபோது மூடியிருந்த நூல், அம்புரோஸின் உரையால் திறந்தது. குருப்பணி அவருக்குத் தம் அறியாமையைக் காட்டியது. மறைக்கல்வி பழைய பாடத்தைப் புதிதாக்கியது. சிப்பிரியானிடம் ஏற்பதையும் மறுப்பதையும், திக்கோனியுஸிடம் எதிரணியை மதிப்பதையும், ஜெரோமிடம் பழகிய பாடத்தைக் கடந்து நோக்குவதையும் கற்றார். இவ்வகையில், தொடக்ககாலத் திருச்சபை அவருக்கு முடிந்த முடிபுகளின் களஞ்சியமாக இராமல், கேட்டும் உரைத்தும் திருத்தியும் பொருள் காணும் கூட்டமாக விளங்கியது.

அவர் பிழைத்த இடமும் இதே நெறியால் விளங்குகிறது. எதிரில் இருப்பவரின் குரலைக் கேட்டவரை அவர் புரிதல் வளர்ந்தது. சட்டத்தின் வலிமை அக்குரலின் இடத்தைப் பிடித்தபோது தடைப்பட்டது. தம்மைத் திருத்திப் படிக்குமாறு பின்வருவோரிடம் அவரே கேட்டுக்கொண்டார். ஆகவே, வற்புறுத்தலை ஏற்ற அகுஸ்தீனாரைத் தேயோகிராத்தியாஸுக்கு மடல் எழுதிய அகுஸ்தீனாரைக் கொண்டு திருத்துவது, அவர் தொடங்கிவைத்த மறுநோக்கைத் தொடர்வதே ஆகும்.